நிற்காத நாற்பத்தொன்று

“அக்கா, கை! கைய எடுங்க மொதல்ல!”

மஞ்சுநாத் கத்தியும் ஜூலியா பாட்டிலை விடவில்லை. செபத்தில் இன்னும் ஒரு வரி பாக்கியிருந்தது. அதை உதட்டுக்குள் முடித்து, பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பினாள். கட்டைவிரலின் அடிச்சதை வெளுத்து, அப்பளம் எண்ணெயில் எழும்புவதுபோல் தோல் எழும்பிக்கொண்டிருந்தது.

மஞ்சுநாத் தன் விரல்களைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றான். அதே வரிசையிலிருந்த இன்னொரு பாட்டிலைத் தள்ளிவைக்கப் போய்ச் சுட்டுக்கொண்டிருந்தான்.

“சுடலயா உங்களுக்கு?”

“கொஞ்சம்.”

“கொஞ்சமா? தொட்டதுக்கே எனக்கு உயிர் போச்சு. என்ன கையக்கா இது, கப்பிணமா? இரும்புகூட இவ்ளோ நேரத்துக்குச் சிவந்திருக்கும்.”

“போடா. போய் உன் குக்கரைப் பாரு.”

அவன் பார்த்துக்கொள்ளும் ஆட்டோகிளேவை ஜூலியா குக்கர் என்றுதான் சொல்வாள். ஆள் உயரத்துக்கு நிற்கும் குக்கர். அகார் கலந்த மீடியா அதில் கொதித்து, ஒரு நுண்ணுயிர்கூட மிச்சமில்லாமல் வெந்து பாட்டில் பாட்டிலாக இறங்கும். ஆறியதும் அதில் மருந்தைக் கலந்து பிளேட்டுகளில் ஊற்றுவது ஜூலியாவின் வேலை. பாசிப்பருப்புப் பாயசத்தின் நிறத்தில் கூழாக உறைந்திருக்கும் அந்தப் பிளேட்டுகள்மேல்தான் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் பாக்டீரியாக்கள் எல்லாம் வளர்ந்தன, அல்லது வளராமல் செத்தன.

எவ்வளவு ஆற வேண்டும் என்பதுதான் விஷயம். அதிகம் ஆறினால் பாட்டிலிலேயே கட்டி தட்டிப்போகும். சூடாக இருக்கும்போது மருந்தை விட்டால் மருந்து வலுவிழக்கும். ஆம்பிசிலின் அப்படிப்பட்ட மருந்து, சூடு ஆகாது. மற்ற கூடங்களில் ஐம்பது டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் பாட்டில்களை இறக்கி வைத்துக் காத்திருப்பார்கள். இங்கே தொட்டி இருந்தது. அதில் மாணவர்களின் சின்னச் சின்னக் குழாய்கள் மிதந்தன. ஜூலியா பாட்டிலை வெறுங்கையில் பிடித்து ஒரு மாதா செபம் சொல்வாள். கையை மாற்றாமல் செபம் முடிந்தால் சரியான சூடு. இடையில் கை விலகினால் இன்னும் ஐந்து நிமிடம். பதினைந்து வருடமாக இதுதான் அளவு. புதிதாக வந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்புறம் அவர்களே வந்து, “ஜூலியாக்கா, ப்ரேயர் ஆயிடுச்சா?” என்று கேட்பார்கள்.

கையைக் குழாயடியில் காட்டினாள். தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. குளிர்ச்சி மணிக்கட்டுக்கு மேலேதான் தெரிந்தது.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. சர்க்கரை வந்து ஒன்பது வருடம். கால் மரத்துப்போவது தெரிந்ததுதான். போன வருடம் விவேக் நகரில் பஸ் ஏறும்போது இடது கால் செருப்பு கழன்று விழுந்திருக்கிறது. தொம்மலூர் தாண்டி ஒரு பெண் சொல்லித்தான் குனிந்து பார்த்தாள். அன்றைக்குச் சிரித்துக்கொண்டாள். கால்தானே, பிளேட் ஊற்றக் கால் எதற்கு.

அன்று கலந்த மீடியாவை அப்படியே சாக்கடையில் கொட்ட முடியாது. மஞ்சுநாத்தை இன்னொரு பாட்டிலைப் பிடிக்கச் சொன்னாள்.

“நானா?”

“பிடி. சூடு பொறுக்க முடியாதப்ப சொல்லு.”

ஐந்து முறை பிடித்து ஐந்து முறையும் விட்டான். ஆறாவது முறை விடவில்லை. ஜூலியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் சரி என்று வைத்த நேரத்துக்கும் இதற்கும் இடையில் பதினேழு நிமிடம் ஓடியிருந்தது.

அந்தப் பதினேழு நிமிடம் என்றைக்கு வந்து புகுந்தது? நேற்றா? போன வாரமா? மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். குளிர் அறைக்குப் போய், தான் ஊற்றி அடுக்கிய பிளேட் கட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டின்மேலும் அவள் கையெழுத்தில் தேதி. ஜூலை கடைசியிலிருந்து நேற்றுவரை. குளிரில் நின்றுகொண்டு எதைப் பார்க்க வந்தோம் என்பதை மறந்து, வெளியே வந்து, திரும்ப உள்ளே போனாள்.

இந்தக் கட்டுகளெல்லாம் நிருபமாவுடையவை.

நிருபமா ஐந்தாம் வருட ஆராய்ச்சி மாணவி. மல்லேஸ்வரத்துப் பெண். தாத்தா காலத்தில் மைசூர் சர்க்காரில் வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் பாதி கன்னடம், பாதி தமிழ். வந்த புதிதில் எல்லோரையும் போல் இவளும் ஜூலியாவிடம் பிளேட் மட்டும் கேட்டவள்தான். ஒரு மழை நாளில் பஸ் இல்லாமல் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டபோது ஜூலியாதான் கேட்டாள். “அஞ்சு வருஷமா ஏதோ நிக்கல நிக்கலன்றியே நிருமா, எது நிக்கல?”

நிருபமா ஒரு பிளேட் மூடியைத் திருப்பி அதில் வரைந்து காட்டினாள். பாக்டீரியாவுக்குள் டி.என்.ஏ. என்று நீளமான ஒரு சுருள். அதன்மேல் ஒரு யந்திரம் ஊர்ந்துபோகிறது. போகிற வழியிலுள்ள ஜீனைப் படித்து, ஆர்.என்.ஏ. என்ற நகலை வால் மாதிரிப் பின்னால் விட்டுக்கொண்டே போகிறது. ஜீன் முடிகிற இடத்தில் அது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பக்கத்து ஜீனுக்குள் புகுந்துவிடும். வேண்டாததெல்லாம் நகலாகி, வேண்டியது கெடும். நிறுத்துவதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறது பாக்டீரியா. சில இடங்களில் அந்த வாலே தன்மேல் மடிந்து, கொண்டை ஊசி மாதிரி முறுக்கிக்கொண்டு, யந்திரத்தைத் தடுக்கிவிடும். வேறு சில இடங்களில் ரோ என்று ஒரு புரதம் வரும். ஆறு பேர் கைகோத்த வளையம் மாதிரி. வாலைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே முன்னேறிப் போய், ஓடுகிற யந்திரத்தை எட்டிப் பிடித்துப் பிடுங்கிவிடும்.

ஜூலியா கொஞ்ச நேரம் மூடியைப் பார்த்தாள்.

“பஸ்ஸு. ஒரு ஸ்டாப்ல டிரைவரே நிறுத்துறான். இன்னொரு ஸ்டாப்ல பின்னாலேந்து கண்டக்டர் வந்து விசில் அடிச்சாத்தான் நிறுத்துறான்.”

“அக்கா! அதேதான்!”

“கூட்டமா இருந்தா கண்டக்டர் எப்படி வருவான்?”

நிருபமா வாயைப் பிளந்தாள். அதுதான் அடுத்து அவள் சொல்ல இருந்தது. வாலின்மேல், அதைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகும்வரை ரோவால் ஏற முடியாது. அவை இறங்கிவிட்டால், வால் காலியாகத் தொங்கினால், ரோ தொற்றிக்கொள்ளும். யாருக்கும் பயன்படாத நகலை எழுதிக்கொண்டிருக்கும் யந்திரத்தை அப்படித்தான் அது கண்டுபிடிக்கிறது.

“இதுக்கு நான் மூணு பேப்பர் படிச்சேன். நீங்க 201 பஸ்ல ஏறியே தெரிஞ்சுண்டுட்டேள்.”

இந்தக் கதையை நிருபமா எல்லோரிடமும் சொன்னாள். கூடத்தை நடத்தும் பேராசிரியர் சீனிவாசராகவன் வகுப்பிலேயே சொன்னார்.

நிருபமா தேடியது நிற்காத பாக்டீரியாவை. அதற்கு ஒரு பொறி வைத்திருந்தாள். ரோ நிறுத்த வேண்டிய ஒரு நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம், ஆம்பிசிலினைத் தாங்கும் ஜீனைக் கொண்டுபோய் வைத்தாள். யந்திரம் ஒழுங்காக நின்றால் அந்த ஜீன் படிக்கப்படாது. பாக்டீரியா ஆம்பிசிலின் பிளேட்டில் செத்துப்போகும். நிறுத்தம் கெட்டு யந்திரம் தாண்டி ஓடினால் ஜீன் படிக்கப்படும், பாக்டீரியா பிழைக்கும். பிழைத்ததை எடுத்து, அதில் எது கெட்டிருக்கிறது என்று பார்த்தால், நிறுத்துகிற வேலையில் யார் யாருக்குப் பங்கு என்று தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கில் பாக்டீரியாக்களைப் பல்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தாள். முதல் மூன்று மாதத்தில் இரண்டுதான் பிழைத்தன. அப்புறம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி மூன்றே வாரத்தில் நாற்பத்தொன்று.

அன்று கூடத்தில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டை ஜூலியாவின் வாயில் வைத்தாள் நிருபமா. சர்க்கரை என்று யாரும் தடுக்கவில்லை. ஜூலியாவும் சொல்லவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை அவள் ஆராய்ச்சியை மதிப்பிடும் கமிட்டி. வெளியூரிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். நாற்பத்தொன்றையும் நிருபமா அவர்கள் முன்னால் வைக்கப்போகிறாள்.

குளிர் அறையில் நின்ற ஜூலியா, நிருபமாவின் தட்டில் இருந்த அந்த நாற்பத்தொன்றின் பிளேட்டுகளைப் பார்த்தாள். பாக்டீரியாவின் எண் நிருபமாவின் கையெழுத்தில். பிளேட்டின் தேதி ஜூலியாவின் கையெழுத்தில். ஆகஸ்ட் பதினெட்டு. இருபத்திரண்டு. இருபத்தாறு. செப்டம்பர் இரண்டு. பதினெட்டுக்கு முந்தைய தேதி ஒன்றுகூட இல்லை.

ஒருவேளை தற்செயலாக இருக்கலாம்.

இப்படிப்பட்ட சந்தேகத்துக்குத்தான் கன்ட்ரோல் என்று ஒன்று வைப்பார்கள். கட்டாயம் சாக வேண்டிய மூல பாக்டீரியாவையும் அதே பிளேட்டில் ஓரமாக வைப்பது. அது செத்தால் பிளேட் சரி. முதல் மாதத்தில் நிருபமா வைத்தாள். பிறகு விட்டுவிட்டாள். அந்தக் கூடத்தில் யாரும் வைப்பதில்லை. “ஜூலியா ஊத்தின பிளேட்டுக்கு கன்ட்ரோலா? சூரியனுக்கு டார்ச் அடிச்சுப் பார்ப்பியா?” என்று சீனிவாசராகவனே கேலி செய்வார்.

மாலை எல்லோரும் டீக்குப் போனதும் ஜூலியா பர்னரைப் பற்றவைத்தாள். மூல பாக்டீரியாவின் குழாயை எடுத்தாள். ஒவ்வொரு தேதியிலும் மிச்சமிருந்த பிளேட்டில் ஒன்றை எடுத்து, குச்சியால் தாராளமாகத் தடவினாள். ஒன்பது தேதி, ஒன்பது பிளேட். அவற்றை முப்பத்தேழு டிகிரிப் பெட்டியில், எல்லாவற்றுக்கும் பின்னால், தலைகீழாக அடுக்கினாள். கைக்கு மஞ்சுநாத் கொண்டுவந்த களிம்பு. கொப்புளம் உடைந்திருந்தது. எப்போது உடைந்தது என்று தெரியவில்லை.

புதன்கிழமை ஏழே முக்காலுக்கெல்லாம் வந்துவிட்டாள். பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை அடித்தது. வளர்ந்த ஈ.கோலை பாக்டீரியாவின் வாசனை. பிளேட்டைப் பார்க்காமலே அவளால் சொல்ல முடியும். ஆகஸ்ட் பதினைந்துவரை ஊற்றியவை சுத்தம். பதினெட்டிலிருந்து எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அவள் மெலிதாகத் தடவிய ஓரங்களில் இல்லை, கெட்டியாகத் தடவிய இடங்களில் மட்டும். மருந்து முழுக்கச் சாகவில்லை. வலு குறைந்திருந்தது. பல்குச்சியில் கொஞ்சம் அதிகம் ஒட்டிக்கொண்டு வந்த பாக்டீரியா எல்லாம் பிழைத்திருக்கிறது. அவ்வளவுதான். அவற்றின் யந்திரங்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டுதான் இருந்தன.

ஒன்பதையும் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பூட்டியதும் திறந்து பார்த்தாள்.

“அக்கா, ரெண்டு நிமிஷம் வாங்கோ!”

நிருபமா அவளை இழுத்துப்போய்க் கணினி முன் உட்காரவைத்தாள். கடைசி ஸ்லைடு. நன்றி என்ற தலைப்பில் நாலு பெயர். முதல் பெயர் ஜூலியா.

“எப்படி?”

“சூப்பரா இருக்குமா.”

“முகத்த ஏன் இப்படி வெச்சிருக்கேள்? கைல என்ன கட்டு?”

“குக்கர்ல பட்டுடுச்சு.”

சீனிவாசராகவன் காபியோடு அறையைக் கடந்தவர் நின்றார். “ஜூலியா, உங்க ரெனிவல் லெட்டர் டைப் ஆயிடுத்து. நாளைக்கு சைன் பண்ணிடறேன். போன வருஷத்து அதே வரிதான். அத மாத்த வேண்டாம்னுட்டேன்.”

அந்த வரி அவளுக்கு மனப்பாடம். அவள் நிரந்தர ஊழியர் இல்லை. பதினோரு மாத ஒப்பந்தம், ஒரு நாள் இடைவெளி, மறுபடி பதினோரு மாதம். கண்ணாடிப் பாத்திரம் கழுவ வந்த நாளிலிருந்து இருபத்துமூன்று வருடம் இப்படியே. போன வருடம் நிர்வாகப் பிரிவில் ஒருவர் கேட்டுவிட்டார்: ஊற்றிய பிளேட் கடையில் கிடைக்கிறதே, இதற்கு ஓர் ஆள் எதற்கு? சீனிவாசராகவன் பதிலில் ஒரே ஒரு வரி எழுதினார். ‘இவர் ஊற்றிய பிளேட் பதினைந்து ஆண்டுகளில் ஒரு முறையும் தவறியதில்லை.’ அதோடு கேள்வி அடங்கியது. அந்த வரியின் நகலை ஜூலியா வீட்டில் மகனுக்குப் படித்துக் காட்டியிருந்தாள்.

புதன் முழுவதும் அவளால் ஒரு வேலையை முடிக்க முடியவில்லை. பாத்திரங்களைக் கழுவப் போட்டுவிட்டு மருந்துக் குப்பிகளை எண்ணினாள். எண்ணிக்கை விட்டுப்போய், லேபிள் எழுதினாள். நிருபமாவின் அறைக் கதவுவரை மூன்று முறை போனாள். மூன்று முறையும் உள்ளிருந்து அவள் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகும் குரல் கேட்டது. நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று.

வீட்டுக்கு வந்ததும் மகன் ரயானிடம் சொல்லிவிட்டாள். அவன் பொம்மசந்திராவில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் தரச் சோதனையில் இருக்கிறான். இருபத்தாறு வயது. தட்டில் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்.

“இன்னா மம்மி, நீயே போயி வாக்குமூலம் குடுக்கப் போறியா?”

“வேற இன்னாடா செய்றது?”

“எங்க ஃபேக்டரில ஒரு பேட்ச் போச்சுன்னா, ஏன் போச்சுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். யார் கை வெச்சதுன்னுதான் கேப்பான்.”

“அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழம போயி நிப்பாடா.”

“நிக்கட்டும். அவ டாக்டர் ஆயி அமெரிக்கா போவா. நீ எங்க போவ?”

“வாய மூடிட்டு சாப்டு.”

“நான் சொல்றது தப்பா? இனிமே தெர்மாமீட்டர் வெச்சு ஊத்து. யாருக்குத் தெரியப் போவுது?”

“தெர்மாமீட்டர் வெச்சா நான் எதுக்குடா? வாட்ச்மேன்கூட ஊத்துவான்.”

ரயான் ரசத்தை ஊற்றிக்கொண்டான். கொஞ்சம் கழித்து, “கை காமி,” என்றான். காட்டினாள். சோற்றுக்கையோடு ஊசி ஒன்றைத் தேடி எடுத்துவந்து, அவளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு விரல் நுனியிலும் குத்தினான்.

“குத்து,” என்றாள் ஜூலியா.

“குத்திட்டேன் மம்மி. அஞ்சும்.”

வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலுக்கு ஊரே திரண்டு வரும். விவேக் நகரில் பஸ் ஊர்ந்தது. மெழுகுவர்த்திக்காரர்கள் ஜன்னல்வரை வந்தார்கள். கூடத்துக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே ஜூலியா பொறுக்காமல் இறங்கி நடந்தாள். கால் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து வேகமாக நடந்தாள். கூடத்துக்குள் போனவள் பையைக்கூட வைக்காமல் அலமாரியைத் திறந்தாள். ஒன்பது பிளேட்டையும் நிருபமாவின் மேசையில் தேதி வரிசையில் பரப்பினாள்.

“இன்னிக்கு என்ன ஸ்பெஷல்?” நிருபமா சிரித்தாள்.

“மூல ஸ்ட்ரெய்ன். நான்தான் தடவினேன்.”

சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. நிருபமா ஒரு பிளேட்டை எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள், வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். பிறகு விறுவிறுவென்று குளிர் அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது நாற்பத்தொன்றின் தட்டு அவள் கையில் இருந்தது. தேதிகளை வாய்விட்டுப் படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

“எப்பலேந்து தெரியும்?”

“செவ்வாக்கிழம சந்தேகம். நேத்துக் காலைல தெரிஞ்சுது.”

“நேத்து ஸ்லைடு காமிச்சேன். சூப்பர்னேள்.”

“ஆமா.”

“நேத்தே சொல்லியிருந்தா ஒரு நாள் கிடைச்சிருக்கும் எனக்கு.”

“தப்புதான்மா.”

“சும்மா தப்பு தப்புன்னா?” குரல் உடைந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எழுந்தாள். “கைக்கு என்ன?”

ஜூலியா கட்டை அவிழ்த்துக் காட்டினாள். பதினேழு நிமிடத்தைச் சொன்னாள். ஊசியைச் சொன்னாள். நிருபமா அவளைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். நிருபமா கதவைச் சாத்தினாள்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன். சார் முதல்ல என்ன கேப்பார்? கன்ட்ரோல் எங்கேன்னு கேப்பார். நான் வைக்கலே. அஞ்சாவது வருஷத்துல, கமிட்டிக்கு முந்தின நாள், கன்ட்ரோல் வைக்கலேன்னு எப்படிச் சொல்வேன்?”

“அவரே வேணாம்னுதான சொல்வாரு.”

“அதெல்லாம் ஞாபகம் இருக்குமா அவருக்கு?” விரலைக் கடித்தாள். “மருந்து பழசுன்னு சொல்லிடலாம். ஆம்பிசிலின் குப்பி கெட்டுப்போச்சு. யார் தப்பும் இல்லே. உங்க லெட்டருக்கும் ஒண்ணும் ஆகாது. குப்பியத் தூக்கிப் போட்டுடலாம்.”

ஜூலியாவின் தலை தானாக ஆடப்போனது. அவ்வளவு சுலபமாக இருந்தது. குப்பி ஒன்றுதான், குப்பைத்தொட்டி இரண்டடி தூரம். சீனிவாசராகவன் புதுக்குப்பி வாங்கச் சொல்வார். லெட்டரில் வரி அப்படியே இருக்கும். நாளைக் காலையில் மஞ்சுநாத் பாட்டில்களை இறக்குவான்.

“நாளைக்கு யாரு ஊத்துவா?” என்றாள்.

“என்னது?”

“புதுக் குப்பி வரும். ஊத்தறது யாரு? நான். உனக்கு இல்லன்னா கவினுக்கு. அவனுக்கு இல்லன்னா அடுத்து வர்ற புள்ளைக்கு. எல்லாருக்கும் நான் ஊத்துவேன். ஒருத்தரும் கன்ட்ரோல் வைக்க மாட்டீங்க. சூடா இருக்கா இல்லயான்னு எனக்குத் தெரியாது நிருமா.”

நிருபமா மேசையில் நகத்தால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“நான் கைய மட்டும் சொல்றேன். கன்ட்ரோல் உன் விஷயம். நீ சொன்னா சொல்லு.”

“நீங்க கையச் சொன்னா அவர் கன்ட்ரோலக் கேப்பார். ரெண்டும் ஒண்ணுதான்.” நிருபமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “உங்க மேல கோவமா இருக்கேன். இப்ப எங்கிட்ட பேசாதேங்கோ. வாங்கோ.”

சீனிவாசராகவனின் அறையில் மூன்று பேருக்குமே நிற்க இடம் போதவில்லை. ஜூலியா சொன்னாள். இடையில் நிருபமா சொன்னாள். அவர் ஒன்பது பிளேட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். டார்ச் கேலியை அவர் நினைத்தாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

“ஷுகர் எவ்வளவு?”

“முந்நூறு இருக்கும் சார். பாத்து ரொம்ப நாளாச்சு.”

“நாற்பத்தொண்ணையும் புது பிளேட்ல வைக்கணும். இன்னிக்கே. கன்ட்ரோலோட.” அவர் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அது அவள் லெட்டர். படித்தார். மறுபடி படித்தார். கையெழுத்துப் போடாமல் இழுப்பறையிலேயே வைத்தார். “இத நான் வேற மாதிரி எழுதணும்.”

“சரி சார்.”

வாசல் காவலரிடம் கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய வெப்பமானித் துப்பாக்கி ஒன்று கிடந்தது. தொம்மலூர்ச் சந்தையில் இன்னும் நல்லது வாங்கலாம், இன்றைக்கு இது போதும் என்றான் மஞ்சுநாத். பாட்டிலின்மேல் அது என்னவோ எண் காட்டியது, நம்ப முடியவில்லை. கடைசியில் கண்ணாடி வெப்பமானியைத் தண்ணீர் நிரப்பிய இன்னொரு பாட்டிலில் போட்டு, அதையும் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஆறவைத்தார்கள். ஐம்பத்திரண்டு காட்டியதும் நிருபமா மருந்தை விட்டாள், மஞ்சுநாத் ஊற்றினான். பாதிப் பிளேட்டுகளில் குமிழி.

“குமிழி மேல நெருப்பக் காட்டு. உடைஞ்சிடும்,” என்றாள் ஜூலியா, கையைக் கட்டிக்கொண்டு நின்று.

“சொல்லிட்டே இருந்தா நானும் ப்ரேயர் பண்ணிடுவேன் அக்கா.”

யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஏழரைக்கு நிருபமா பெட்டியைத் திறந்தாள். மூல பாக்டீரியா எந்தப் பிளேட்டிலும் வளரவில்லை. நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு வளரவில்லை. மூன்று வளர்ந்திருந்தன. அவற்றில் ஒன்று மிகவும் மெலிதாக இருந்தது. நிருபமா ஸ்லைடுகளில் எண்ணை மாற்றினாள். பத்தரைக்குக் கமிட்டி கூடியது. பழையவை இரண்டு, புதியவை மூன்று என்று சொன்னாள். பிளேட்டுகளில் கோளாறு நேர்ந்ததையும், தான் கன்ட்ரோல் வைக்காததையும் இரண்டு வாக்கியங்களில் சொன்னாள். வெளியூர்க்காரர் ஒருவர் அதைப் பற்றி இருபது நிமிடம் கேட்டார். இன்னும் ஆறு மாதம் எடுத்துக்கொண்டு மறுபடி வரச் சொன்னார்கள். நன்றி ஸ்லைடைப் போட நேரம் இருக்கவில்லை.

ஜூலியா காலையில் மருத்துவமனைக்குப் போய்விட்டு பன்னிரண்டு மணிக்கு வந்தாள். சர்க்கரை முந்நூற்று நாற்பது. ஊசி மருந்து எழுதிக்கொடுத்திருந்தார்கள். விரல்களுக்கு உணர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்கு மருத்துவர் பார்க்கலாம் என்றார். இரண்டு மணிக்குச் சீனிவாசராகவன் அவளைக் கூப்பிட்டு லெட்டரைக் கொடுத்தார். பதினோரு மாதத்துக்குப் பதில் மூன்று மாதம். வேலை என்ற இடத்தில், மீடியா தயாரிப்பு மேற்பார்வை, பயிற்சி என்று இருந்தது. தவறியதில்லை என்ற வரி இல்லை. மூன்று மாதம் கழித்து என்ன என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இடது கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றரைக்கு மஞ்சுநாத் அறுபது பிளேட் ஊற்றினான். நாலு வீணாயின. கவின் வந்து தன் சோதனைக்கு இருபது வாங்கிக்கொண்டு போனான். நிருபமா அன்று மாலை ஜூலியாவிடம் பேசவில்லை. ஐந்து நாற்பதுக்கு மழை வந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜூலியா ரயானுக்குப் போன் போட்டு, வரும்போது மருந்துக்கடையில் ஊசி வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள்.